உங்கள் வீட்டிலும் ஒரு சரித்திரம்!

குட்டீஸ், இந்தப் பக்கத்தை அப்படியே கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். பித்தளைக் குடம், எவர்சில்வர் தூக்குப்போசி, பாட்டி தண்ணீர் குடிக்கும் செம்பு என்று எது ரொம்பப் பழையதோ, அதை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பரண் மேல் இருந்தால் நீங்கள் ஏற வேண்டாம். பெரியவர்களை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

விளிம்பிலோ கழுத்திலோ சின்னச் சின்னப் புள்ளிகளாக ஏதாவது எழுதியிருக்கிறதா? ஒரு இனிஷியல், ஒரு பெயர். சில பாத்திரங்களில் தேதியும் இருக்கும். பாத்திரக் கடையில் சின்ன உளியை வைத்துத் 'டொக் டொக்' என்று பெயர் வெட்டித் தருவார்களே, அதுதான்!

அந்தப் பெயர் யாருடையது? அந்தத் தேதியில் என்ன நடந்தது? வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரு கல்யாணமோ, காதுகுத்தோ, புதுமனை புகுவிழாவோ வெளியே வரும். யாரோ சிரிப்பார்கள். யாரோ ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

அவ்வளவுதான். நீங்கள் எழுதுவதற்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது!

கதை என்றால் ராஜா வரலாம், பூதம் வரலாம், யானை பேசலாம். நாம் இன்று பார்க்கப்போவது வேறு வகை எழுத்து. நாட்குறிப்பு, பேட்டி, பயணக் கட்டுரை, ஒருவருடைய வாழ்க்கை வரலாறு, நம்மைப் பற்றி நாமே எழுதும் தன் வரலாறு எல்லாம் இதில் அடங்கும். இதற்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. நடந்ததை மட்டும்தான் எழுத வேண்டும்!

"என் வாழ்க்கையில் எழுதுகிற அளவுக்கு என்ன நடந்துவிட்டது? காலையில் ஸ்கூல், சாயங்காலம் டியூஷன்" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. வாருங்கள், அனுப்பர்பாளையத்துக்கு ஒரு நடை போய் வரலாம்.

பாத்திரமும் பனியனும்

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குப் போகும் சாலையில் இருக்கிறது அனுப்பர்பாளையம். பனியன் ஊரான திருப்பூரில் இந்தப் பகுதிக்கு மட்டும் இன்னொரு அடையாளம் உண்டு. பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்கள்! பல தலைமுறைகளாக இங்கே பட்டறைகள் இருக்கின்றன. ஒரு தெருவில் தகடு தட்டும் சத்தம் கேட்கும். அடுத்த தெருவில் தையல் மிஷின் சத்தம் கேட்கும்.

திருப்பூரின் பனியன் ஏற்றுமதி பல ஆயிரம் கோடி ரூபாய் என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அரசாங்கம் எழுதும், பத்திரிகைகள் எழுதும், புத்தகங்களும் எழுதும்.

ஆனால் ஒரு டி-ஷர்ட்டில் பிசிர் வெட்டிப் பழகிய ஒரு பாட்டியின் விரல், கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போனதை யார் எழுதுவார்கள்? 'ஒன்றரை ஷிப்ட்' முடிந்து அப்பா வீட்டுக்கு வரும்போது தம்பி தூங்கிப்போயிருப்பதை யார் எழுதுவார்கள்? சுத்தியல் சத்தத்தை வைத்தே தகடு சரியாக வந்துவிட்டதா என்று சொல்லிவிடும் தாத்தாவின் காதைப் பற்றி யார் எழுதுவார்கள்?

பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர்தான் எழுத முடியும். அது நீங்கள்தான்!

57 வருஷம் கழித்து வந்த புத்தகம்

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1855-ல் பிறந்தவர். செல்லரித்துக்கொண்டிருந்த ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி எடுத்துப் புத்தகமாக்கியவர்.

அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் 1876-ல் இறந்தார். அப்போது சாமிநாதையருக்கு இருபத்தொரு வயதுகூட நிரம்பவில்லை. தன் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை அவர் எழுதி, முதல் பாகம் வெளிவந்தபோது வருஷம் 1933! நடுவில் 57 வருஷங்கள் ஓடிவிட்டன. 'அந்தப் பாட்டை எப்போது பாடினீர்கள் ஐயா?' என்று கேட்கலாம் என்றால், பதில் சொல்ல ஆசிரியர் இல்லை.

பிறகு தன்னுடைய கதையை எழுத ஆரம்பித்தார். 'என் சரித்திரம்' என்ற பெயரில் 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்தது. அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட 85 வயது. முதல் அத்தியாயத்துக்கு அவர் வைத்த தலைப்பு என்ன தெரியுமா? 'எங்கள் ஊர்'! தான் வாங்கிய பட்டங்களையோ பாராட்டுகளையோ சொல்லி ஆரம்பிக்கவில்லை. தன் சொந்த ஊரான உத்தமதானபுரம் என்ற சின்னக் கிராமத்தைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்.

1942 ஏப்ரலில் அவர் காலமானார். அவர் எழுதிய சரித்திரம் 1900-க்கு முந்தைய காலத்தோடு நின்றுவிட்டது. மீதி நாற்பது ஆண்டுக் கதையை அவர் கையால் எழுத முடியவில்லை. அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' என்று ஒரு நூல் எழுதினார்.

அவ்வளவு பெரிய அறிஞருக்கே நேரம் போதவில்லை, பார்த்தீர்களா? உங்கள் தாத்தாவும் பாட்டியும் இப்போது உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால் பதில் சொல்வார்கள். அதனால் பெரியவனான பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

தினமும் நாலு வரி

முதலிலேயே புத்தகம் எழுத வேண்டாம். பழைய நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களைச் சேர்த்துத் தைத்துக்கொள்ளுங்கள். மேலே தேதி, கீழே நாலே நாலு வரி.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை என்பவர் அப்படித்தான் ஆரம்பித்தார். 1736-ல் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியபோது வயது 27. பின்னாளில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸுக்கு துபாஷியாக, அதாவது இரண்டு மொழி தெரிந்த பேச்சாளராக, இருந்தவர். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று 1761 வரை எழுதினார். 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று அவர் விட்டிருந்தால், அந்தக் காலத்துப் புதுச்சேரி எப்படி இருந்தது என்று இன்று நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது.

உங்கள் ஊருக்குக் கப்பல் வராது. ஆனால் துணி ரோல் ஏற்றிய வண்டி வரும். சனிக்கிழமை சம்பள நாள் வரும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ஒரு புதுப் பையன் உங்கள் வகுப்புக்கு வருவான். அவன் முதல்முதலாகக் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் எது? அதை எழுதுங்கள்!

கண், காது, மூக்கு மூன்றும் வேலை செய்யட்டும்

ஒரு பாத்திரப் பட்டறையைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நெருப்பும் மிஷினும் இருக்கும் இடம், தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

என்ன தெரிகிறது? என்ன சத்தம்? என்ன வாசனை? சூடு எந்தப் பக்கம் அடிக்கிறது? பார்த்ததை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் பாதி மறந்துவிடும்.

பிறகு 'ஏன்?' என்று கேளுங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. தகட்டைத் தட்டத் தட்ட அது இறுகிக்கொண்டே போகும். அதற்கு மேல் தட்டினால் விரிசல் விட்டுவிடும். அதனால் நெருப்பில் காய்ச்சி, இளக வைத்து, மறுபடி தட்டுவார்கள். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் கெட்டுப்போகும். அதனால்தான் உள்ளே ஈயம் பூசுகிறார்கள். அந்த ஈயம், வெள்ளீயம் என்ற உலோகம். எவர்சில்வருக்கு இந்தத் தொல்லை இல்லை. இரும்போடு குரோமியம் சேர்ந்த கலவை அது, துருப்பிடிக்காது.

இப்போது யோசியுங்கள். வீடுகளில் எவர்சில்வர் வந்தபிறகு, ஈயம் பூச வாசலுக்கு வந்துகொண்டிருந்தவர் என்ன ஆனார்? பார்த்தீர்களா, ஒரு 'ஏன்' கேட்டால் அடுத்த கட்டுரைக்கும் விஷயம் கிடைத்துவிடுகிறது!

கேளுங்கள்... கேட்டுக்கொண்டே இருங்கள்

"உங்க காலம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "ம்... இருந்துச்சு" என்று பதில் வரும். பேட்டி அங்கேயே முடிந்துவிடும். சின்னதாக, குறிப்பாகக் கேளுங்கள். ஒரு மாதிரி பாருங்கள். இது நாமாக எழுதியது.

"அம்மிச்சி, முதல்முதலா பனியன் கம்பெனிக்குப் போன அன்னைக்கு எதுல போனீங்க?"

"நடந்துதான் கண்ணு. பஸ்சுக்கு ஏது காசு?"

"டிபன் பாக்ஸ்ல என்னங்க அம்மிச்சி கொண்டுட்டுப் போனீங்க?"

"டிபன் பாக்ஸா! தூக்குப்போசில பழைய சோறு. இதோ, இந்தத் தூக்குப்போசிதான்."

"அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"உன்ற வயசுதான் இருக்கும் சாமி."

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் பேனா ஒரு நிமிஷம் நின்றுவிடும், இல்லையா? இன்று 14 வயது ஆகாத பிள்ளைகளைக் கம்பெனியில் வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடை செய்கிறது. 6 முதல் 14 வயது வரை எல்லாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர வேண்டும் என்ற சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ அம்மாக்களும் பாட்டிகளும் பாதிப் படிப்பில் பையைக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். சட்டம் ஏன் வந்தது என்பது அவர்கள் சொல்லும் கதையில்தான் புரியும். பெயரை மட்டும் எழுதத் தெரிந்த ஒரு பாட்டியின் கதையை, எழுதப் படிக்கத் தெரிந்த பேரனோ பேத்தியோ எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

வருஷம் மறந்துபோச்சா?

"அது எந்த வருஷம்னு ஞாபகம் இல்லையே!" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கவலை வேண்டாம், ஒரு வழி இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு சம்பவத்தைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

"கொரோனா ஊரடங்குக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றால் 2020 மார்ச் கிடைத்துவிடும். "நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடினாங்களே, அதுக்கு முன்னாடியா?" என்றால் 2011 ஜனவரி. "திருப்பூர் தனி மாவட்டம் ஆனபோதா?" என்றால் 2009. "நான் பிறந்துட்டேனா அப்போ?" என்றும் கேட்கலாம்.

பிறகு சரிபாருங்கள். பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, போட்டோவின் பின்பக்கம், அதோ அந்தப் பாத்திரத்தில் வெட்டிய தேதி, எல்லாம் சாட்சிகள்தான்! தாத்தா ஒன்று சொல்கிறார், அவர் தம்பி வேறு சொல்கிறார் என்றால் ஒருவரைப் பொய்யர் ஆக்க வேண்டாம். 'தாத்தா இப்படிச் சொல்கிறார், சின்ன தாத்தா அப்படிச் சொல்கிறார்' என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். அதுதான் நேர்மை.

'நல்லவர்' என்று மட்டும் எழுதினால் போதுமா?

கீழே இரண்டு மாதிரிகள். இவையும் நாமாக எழுதியவைதான்.

ஒன்று: 'என் அம்மிச்சி மிகவும் நல்லவர். கடுமையாக உழைப்பவர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.'

இரண்டு: 'என் அம்மிச்சி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆனாலும் கடையில் என் பிறந்தநாள் சட்டையை வாங்கும்போது, முதலில் அதை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிறார். ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தச் சட்டை வேண்டாம் என்கிறார். கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் விடமாட்டார்.'

எந்த அம்மிச்சியை உங்களுக்கு நேரில் பார்த்தது போல் இருக்கிறது? இரண்டாமவரைத்தானே! 'நல்லவர்', 'உழைப்பாளி' என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. படிக்கிறவர்களே அதைப் புரிந்துகொள்வார்கள். அதனால் ஒருவர் எப்படிப்பட்டவர் என்று சொல்வதைவிட, அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

ஆனால், நன்றாக இருக்கும் என்பதற்காக நடக்காததைச் சேர்த்துவிடாதீர்கள். மழை பெய்யாத நாளில் மழை பெய்ய வேண்டாம். அம்மிச்சி அழவில்லை என்றால் அழவில்லை.

எழுதலாமா என்று கேளுங்கள்

உண்மை என்பதற்காக எல்லாவற்றையும் ஊருக்குக் காட்டிவிட முடியாது. வீட்டுக் கடன், ஒருவருடைய நோய், இரண்டு குடும்பத்துச் சண்டை இதெல்லாம் மற்றவர்களுடைய விஷயமும்தான். யாரைப் பற்றி எழுதினீர்களோ, அவர்களுக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். "இதை மட்டும் வேண்டாம் கண்ணு" என்றால் எடுத்துவிடுங்கள். நண்பனைப் பற்றி எழுதினால், அவனைக் கேலி செய்வதற்காக எழுதாதீர்கள்.

உங்களுடைய சொந்த வருத்தத்தை எழுதினால் அது உங்கள் நோட்டிலேயே இருக்கலாம். காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். மனதை ரொம்ப அழுத்தும் விஷயம் என்றால் எழுதுவதோடு நிறுத்தாமல், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

மறுபடி தட்டுங்கள்!

ஆன் ஃபிராங்க் என்ற சிறுமிக்கு 1942 ஜூன் 12 அன்று, பதின்மூன்றாவது பிறந்தநாளில், ஒரு நோட்டு கிடைத்தது. யூதக் குடும்பம் என்பதால் ஹிட்லரின் நாஜிப் படைக்குப் பயந்து, நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஒளிந்து வாழ்ந்தார்கள். வெளியே போக முடியாது, பகலில் சத்தமாக நடக்கக்கூட முடியாது. அந்த நோட்டைக் 'கிட்டி' என்ற தோழியாக நினைத்து எழுதினாள்.

1944 மார்ச்சில், போர்க்காலத்து நாட்குறிப்புகளைச் சேகரிக்கப்போவதாக வானொலியில் ஒரு அமைச்சர் பேசியதைக் கேட்டாள். உடனே என்ன செய்தாள் தெரியுமா? தான் எழுதியதை எல்லாம் எடுத்து, திருத்தி, மறுபடி எழுத ஆரம்பித்தாள்! முடிப்பதற்குள் ஆகஸ்டில் பிடிபட்டாள். 1945-ல் முகாமில் இறந்துபோனாள். அவளுடைய அப்பா மட்டும் உயிரோடு திரும்பினார். 1947-ல் அவர் மூலம் அந்த நாட்குறிப்பு புத்தகமானது.

பட்டறையில் தகட்டைக் காய்ச்சி மறுபடி தட்டுகிறார்களே, அதைத்தான் ஆனும் செய்தாள். நீங்களும் எழுதியதை இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு சத்தமாகப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தைத் திருத்துங்கள். இரண்டு முறை சொன்னதில் ஒன்றை அடித்துவிடுங்கள்.

சாதாரண மக்களின் வாழ்க்கையை எழுதிச் சேர்த்து வைக்கவே இன்று ஒரு காப்பகம் இருக்கிறது. பத்திரிகையாளர் பி.சாய்நாத் 2014-ல் தொடங்கிய 'பாரி' அது. விவசாயிகள், நெசவாளர்கள், மீனவர்கள் என்று கிராமத்து உழைப்பாளிகளின் கதைகள் தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் இருக்கின்றன. மாணவர்கள் எழுதியவையும் உண்டு. அதில் எழுதியவர்களும் ஒருவரிடம் போய் உட்கார்ந்து, கேட்டு, எழுதியவர்கள்தான்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. வீட்டில் ஒரு பழைய பொருளைத் தேர்ந்தெடுங்கள். பாத்திரம், கத்தரிக்கோல், சம்பளக் கவர், போட்டோ எதுவானாலும் சரி.

2. அதைப் பற்றித் தெரிந்தவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். அவர் சொன்ன வார்த்தைகளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஒரு தேதியையாவது சரிபாருங்கள்.

4. ஒரு பக்கம் எழுதுங்கள். 'முன்னொரு காலத்தில்' என்று ஆரம்பிக்க வேண்டாம். 'எங்கள் வீட்டில் ஒரு தூக்குப்போசி இருக்கிறது' என்று ஆரம்பித்தாலே போதும்.

5. யார் சொன்னார்களோ, அவர்களை உட்கார வைத்து முதலில் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாத பாட்டி என்றால், கொஞ்சம் மெதுவாகவே படியுங்கள்.

பாட்டி நடுவில் நிறுத்தி, "அது அப்படி இல்லை சாமி" என்று திருத்தினால் சந்தோஷப்படுங்கள். உங்கள் சரித்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் அங்கேதான் ஆரம்பம். சீக்கிரம் பேனாவை எடுங்கள்!